நடைக்கு ஒரு வழித்துணை

மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்பார்கள். பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் வாழும் மக்களைப் பார்த்து, "நாள்தோறும் சிறிது நடவுங்கள்" என்று புத்திமதி கூறுவதும் அத்தகைய வேலைதானோ என்ற ஐயம் நமக்கே எழுகின்றது. கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 4,000 அடி உயரத்தில், கெசல்கமு ஓயாவின் இரு மருங்கும் தேயிலை படர்ந்து கிடக்கும் இவ்வூரிலே, லயத்திலிருந்து பிரட்டுக்களத்துக்கும், பிரட்டுக்களத்திலிருந்து கொழுந்து மலைக்கும், மலையிலிருந்து மடுவத்துக்கும் நடந்து நடந்தே தலைமுறைகள் தேய்ந்தன. கூடையைச் சுமந்து குறுக்குப் பாதையில் ஏறியிறங்கிய கால்களுக்கு நடையின் பெருமையை நாமா எடுத்துச் சொல்ல வேண்டும்?

ஆயினும் சொல்லத்தான் வேண்டியிருக்கின்றது. கொட்டியாகலையிலோ கெம்பியனிலோ முப்பது நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த ஒரு தாய், தோட்டத்தில் பெயர் பதிவது நின்ற மறுநாளே வாசற்படியில் உட்கார்ந்துவிடுகின்றார். உட்கார அவருக்கு உரிமை உண்டு. அதை மறுப்பவர் எவரும் இலர். ஆனால், ஓரிரு ஆண்டுகளில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் வந்து அவரோடு அதே படியில் உட்கார்ந்துகொள்கின்றன. கடைவீதியில் நாள் முழுவதும் நாற்காலியில் இருப்போர், பாடசாலை ஆசிரியர், காரியாலய எழுத்தர் ஆகியோரின் கதையும் வேறன்று. கால் மைல் தூரத்துக்கும் முச்சக்கர வண்டியைக் கைகாட்டி நிறுத்தும் காலம் இது. வைத்தியர், "தினமும் அரைமணி நேரம் நடந்து வாருங்கள் அம்மா" என்று சொல்லி அனுப்புகின்றார். அந்தத் தாய் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போதே சிரித்துவிடுகின்றார். "நான் நடக்காத நடையா?" என்பது அவர் கேள்வி.

கேள்வி நியாயமானதே. ஆனால் கொழுந்து நிரையில் நிற்பது ஒன்று, நடைப் பயிற்சி வேறொன்று. பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 அல்லது 20 கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுச் சம்பளம் என்ற கணக்கு இருந்து வந்துள்ளது. அதற்காகப் பாரத்தை முதுகில் சுமந்து, சரிவிலே கால் ஊன்றி, அடிமேல் அடி நகர்வது உடலை உழைப்பிப்பது; சில சமயம் உடைப்பதும் கூட. கைவீசி, மூச்சைச் சீராக விட்டு, சமதரையிலே சற்று விரைந்து செல்லும் நடை இதயத்துக்கும் இரத்தக் குழாய்க்கும் செய்யும் உதவி வேறு. முன்னது பிறருக்காக நடந்தது. இது தமக்காக நடப்பது.

இந்தத் "தமக்காக" என்ற சொல்லிலேதான் சிக்கல் முழுவதும் இருக்கின்றது. நம் தோட்டங்களில் ஒருவர் நடந்தால் அதற்கு ஒரு காரியம் இருக்க வேண்டும். விறகுக்குப் போகலாம், பீலிக்கரைக்குப் போகலாம், கோயிலுக்கோ கடைக்கோ போகலாம். காரியமின்றிக் கைவீசி நடக்கும் பெண்ணை, "இவள் எங்கே கிளம்பிவிட்டாள்?" என்று பத்து வாசற்படிகள் கேட்கும். அந்தக் கேள்விக்கு அஞ்சியே பாதிப் பேர் மூன்றாம் நாள் நின்றுவிடுகின்றனர். மழையையும் அட்டையையும் பழி சொல்வது சும்மா. அவற்றோடு நாம் பிறந்தது முதல் பழகியவர்கள். கூச்சமே பெரிய அட்டை. இருவர் சேர்ந்து புறப்பட்டால் அது கழன்று விழுந்துவிடும். நால்வர் சேர்ந்தால், கேட்டவளே ஐந்தாவதாக வந்து சேர்ந்துகொள்வாள்.

இது வெறும் ஊகமன்று. இங்கிலாந்திலுள்ள கிழக்கு ஆங்கிலியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு ஆராய்ச்சியாளர், குழுவாக நடப்போரைப் பற்றிப் 14 நாடுகளில் நடந்த 42 ஆய்வுகளைத் திரட்டி 2015-ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டனர். அவற்றில் பங்குகொண்டவர் 1,843 பேர். இரத்த அழுத்தம், உடற் கொழுப்பு, மனச்சோர்வு யாவும் குறைந்திருந்தன. அவற்றையெல்லாம்விட நம் கவனத்தை ஈர்ப்பது ஒன்றுண்டு. குழுவில் சேர்ந்தோரில் பெரும்பாலோர் இடையில் கைவிடவில்லை. மருந்துச் சீட்டைக் கூட மறந்துவிடும் மனிதர், மூலையில் ஒருவர் காத்து நிற்கின்றார் என்பதை மறப்பதில்லை போலும்.

நடப்பது நன்மை தரும் என்ற கொள்கைக்கும் ஒரு சுவையான வரலாறு உண்டு. இலண்டன் மாநகரத்து இரண்டடுக்குப் பஸ்களில் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த சாரதிகளையும், படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களையும் ஜெர்ரி மொறிஸ் என்னும் மருத்துவ அறிஞர் ஒப்பிட்டுப் பார்த்தார். சாரதிகளுக்கே மாரடைப்பு மிகுதியாக வந்தது. 1953-இல் 'லான்ஸெட்' இதழில் அது வெளியாயிற்று. ஒரே பஸ், ஒரே புகை, ஒரே சம்பளக்காரர் கூட்டம். வேறுபாடு கால்களில்தான் இருந்தது.

இனி, நம் சொந்த வரலாற்றிலிருந்தே ஒரு நடையைச் சொல்லுவோம். 1820-களில் கோப்பிப் பயிருக்கு ஆள் தேடியபோது, திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து நம் முன்னோர் கால்நடையாகக் கடற்கரையை அடைந்தனர். தோணியில் மன்னார்க் கரை சேர்ந்தனர். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாகக் காட்டினூடே மாத்தளை நோக்கி நடந்தனர். கங்காணியின் பின்னே கூட்டமாகத்தான் சென்றனர். துணை இல்லாமல் இல்லை. ஆயினும் வழியில் ஒருவர் காய்ச்சலோ வாந்திபேதியோ கண்டு விழுந்தால், அவரை விட்டுவிட்டுக் கூட்டம் மேலே போயிற்று. பலர் அவ்வழியிலேயே மாண்டனர். அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, "இன்னும் கொஞ்ச தூரந்தான், நடந்துவிடலாம்" என்று சொல்ல ஒருவரும் வழியோரத்தில் நின்றிருக்கவில்லை.

இருநூறு ஆண்டுகள் கழித்து, 2023-ஆம் ஆண்டிலே, அவர்களுடைய சந்ததியாரும் நண்பர்களும் அதே வழியை மீண்டும் நடந்தனர். 'மாண்புமிகு மலையக மக்கள்' என்னும் கூட்டமைப்பின் ஏற்பாட்டில் ஜூலை 28-ஆம் தேதி தலைமன்னாரில் தொடங்கிய அந்நிகழ்வு, ஆகஸ்ட் 12-ஆம் தேதி மாத்தளையில் நிறைவெய்தியது. தூரம் ஏறக்குறைய 250 கிலோ மீட்டர். மாண்டோரை நினைப்பதும், காணி, வீடு, வாழத்தக்க சம்பளம், சமத்துவமான குடியுரிமை ஆகியவற்றைக் கேட்பதும் அந்த நடையின் நோக்கமாயிருந்தன. ஆடி மாதத்து வரட்சி வெயில் அந்த வழியில் எப்படிக் காயும் என்பதை வன்னிப் பக்கம் போய் வந்தவர் அறிவர். அதே வெயிலில், அதே தூரத்தை, வெறும் பதினைந்து பதினாறு நாட்களில் நடந்து முடித்தனர்.

எப்படி முடிந்தது? வழிநெடுகத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் நீரும் உணவும் தந்தனர். சிலர் தம் ஊர் எல்லை வரை கூடவே நடந்து வந்தனர். முழுவழியும் நடக்க இயலாதோர் ஒரு நாள் மட்டும் வந்து சேர்ந்துகொண்டனர். முதல் நடைக்கு இல்லாதது இரண்டாம் நடைக்கு இருந்தது. நாட்டின் அரசியல் இந்த நடையால் எவ்வளவு மாறிற்று என்பதை ஆராய்வது நமது பத்தியின் வேலையன்று. ஆனால் கால் கொப்புளித்த ஒருவரை மறுநாட் காலை மீண்டும் எழுந்து நடக்க வைப்பது எது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் நமக்கு எங்கும் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டிலும் இத்தகைய கதை உண்டு. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் தேதி இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து உப்புச் சத்தியாக்கிரகத்துக்காக வேதாரணியம் நோக்கி 150 மைல் நடந்தனர். அவர்களுக்கு உணவோ இடமோ கொடுப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சைக் கலெக்டர் தோர்ன் எச்சரித்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் கொடுத்தார் என்று கலெக்டர் மரத்தையா விசாரிக்க முடியும்?

ஆகவே, உற்சாகமூட்டுவது என்றால் நாவினால் மட்டும் செய்வதென்று யாரும் நினைக்க வேண்டாம். நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. "ஒரு வாரம் நடந்தீர்கள், இளைத்தபாடில்லையே!" என்று மகன் கேட்கின்றான். "நேற்று ஏன் போகவில்லை?" என்று மருமகள் கணக்குக் கேட்கின்றாள். கங்காணி அதட்டியதைப் போலவே இதுவும் காதில் விழும். அதட்டலுக்கு நடந்தது போதாதா? கணக்குக் கேட்பதை விட்டுவிட்டு, காலையில் ஒரு கோப்பை சாயத்தண்ணீரை நேரத்தோடு ஊற்றிக் கொடுத்தால் அது பெரிய உதவி. அடுப்படி வேலையில் அரைமணியைத் தான் ஏற்றுக்கொள்ளும் மருமகள் பத்து உபதேசத்துக்குச் சமம். பேத்தி, "வாங்க அம்மாயி, வளைவு வரைக்கும் நானும் வாறேன்" என்று கையைப் பிடித்தாளானால், மறுக்கும் கிழவி எந்த லயத்திலும் இல்லை. நாம் ஆண்களையும் சொல்ல வேண்டும். மனைவியை நடக்க அனுப்பிவிட்டு வாசலில் பத்திரிகை படித்திருக்கும் கணவர் (இந்தப் பத்தியையே படித்துக்கொண்டிருக்கலாம்) தாமும் எழுந்து செல்லுதல் நலம்.

கூட்டாளிகளாய் நடப்போர் நேரத்தையும் இடத்தையும் மாற்றாமல் வைத்துக்கொள்ள வேண்டும். "ஒருநாள் பார்த்துப் போவோம்" என்பது போகாமலிருப்பதற்கு மரியாதையான பெயர். மெல்ல நடப்பவரின் வேகமே எல்லோருடைய வேகமாயிருக்கட்டும். பேசிக்கொண்டு நடக்க முடிந்தால் போதும், மூச்சுத் திணறிப் பேச்சு நின்றால் வேகம் அதிகம். ஒரு வாரம் வராதவரிடம் விளக்கம் கேட்கவே கூடாது. எட்டாம் நாள் அவர் வந்து நின்றால், நேற்றுத்தான் வந்தவரைப் போலச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெட்கத்தினால் முழுவதுமாக நின்றுபோனவர்களே மிகுதி.

இங்கே துணை என்பது பாதுகாப்புக்கும் வேண்டும். குளவிக் கூடு எந்த மலையில் இருக்கிறதென்று தோட்டத்து மக்கள் அறிவர். அறிந்தவரோடு போவதே புத்தி. விடியற்காலைப் பனிமூட்டத்தில் தனியே காட்டோரம் செல்லலாகாது. சிறுத்தை நடமாடும் மலைகள் இவை. ஆகவே நன்றாக வெளிச்சம் வந்த பிறகு தார்ப்பாதையிலே நடப்பது நல்லது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை விடாது பிடித்துக்கொள்ளும். அப்பொழுது கோயில் மண்டபத்தைச் சுற்றி நடந்தாலும் நடைதான். பிரகாரம் சுற்றினால் புண்ணியமும் சேரும். நீரிழிவுள்ளவர் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. வீடு திரும்பியதும் பாதத்தைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கில் கொப்புளமோ கீறலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண் மங்கியவருக்கு அதைப் பார்த்துச் சொல்வதும் வழித்துணையின் கடமையே. நெஞ்சில் இறுக்கம் தோன்றினால் அக்கணமே நின்று, வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

எவ்வளவு நடப்பது? வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடற்பயிற்சி வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. நாளுக்குப் பத்தாயிரம் அடி வைக்க வேண்டும் என்று கைத்தொலைபேசியைப் பார்த்துப் பார்த்து வருந்துவோர் உளர். அந்த எண் வைத்தியர் வகுத்ததன்று. 1965-ஆம் ஆண்டளவில் ஜப்பானியக் கம்பெனி ஒன்று தன் அடியளவுக் கருவிக்குச் சூட்டிய பெயரிலிருந்து பிறந்தது அது. சராசரி 72 வயதுடைய 16,741 பெண்களை அமெரிக்காவில் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவின்படி, நாளுக்கு 4,400 அடி நடந்தவர்க்கே மரண அபாயம், 2,700 அடி நடந்தவரைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேலே பெரிய வேறுபாடு காணப்படவில்லை. வயதான நம் தாய்மார்கள் பயப்பட வேண்டியதில்லை.

இப்பொழுது நம் பழைய தோட்டப் பாதைகளுக்கும் மவுசு வந்துவிட்டது. கண்டிப் பக்கத்திலிருந்து 22 கூறுகளாய், 300 கிலோ மீட்டருக்கு மேல் நீளும் 'பீக்கோ' நடைபாதையில் ஒரு கூறு நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்கும், அடுத்தது பொகவந்தலாவையிலிருந்து டயகமைக்கும் செல்கின்றது. கடல் கடந்து வந்தவர்கள் பணம் செலவழித்து அதில் நடக்கின்றனர். அவர்களுக்கு வழிகாட்டிக் கையசைக்கும் நம்மவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே வழியில் குடும்பத்தோடு கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு ஒரு மைல் போய்வரக் கூடாதா?

மார்கழி நெருங்கும்போது நமக்கு அருகிலேயே இன்னொரு பாதை திறக்கும். டிசம்பர் மாதத்துப் பௌர்ணமி முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலைக்கு யாத்திரைக் காலம். நல்லதண்ணியிலிருந்து ஏறுவோருக்கு ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். இறங்கி வருகின்ற சிங்கள யாத்திரிகர், ஏறிச்செல்லும் முன்பின் அறியாதவரைப் பார்த்து "கருணாவை" என்று வாழ்த்துவது பழைய வழக்கம்; நம்மவர் "அரோகரா" என்பர். பாதி வழியில் முழங்கால் சோர்ந்து குந்தியிருப்பவர் அந்தக் குரலுக்கே எழுந்துவிடுவதைக் காணலாம். உச்சியில் ஒரு மணி தொங்குகின்றது. எத்தனையாவது முறை மலை ஏறினாரோ அத்தனை முறை அதை அடிப்பது மரபு. முதன்முறை ஏறியவர் ஒரே ஒரு தடவை அடித்துவிட்டு, கூடவந்தவர்களைத் திரும்பிப் பார்ப்பார்.