பொதுக் கிணறும் பொது அறிவும்

'பொது' என்கிற வார்த்தையைக் கேட்டாலே நம்மாளுகளுக்கு ஒரு சந்தேகம் வரணும். பொதுக் கிணறு என்றார்கள், நாம் இறங்க முடியவில்லை. பொதுப் பாதை என்றார்கள், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தோம். பொதுச் சுடுகாடு என்றார்கள், நம் பிணம் ஓடை வழியாத்தான் போச்சு. இப்போது 'பொது அறிவு' என்று ஒன்றைக் காட்டி, உனக்கு அது இருக்கா இல்லையா என்று கேட்கிறார்கள். இது யாருக்குப் பொது என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல ஆரம்பிப்பது ஆபத்து. கோவித்துக்கொண்டு பதிலே சொல்லாமல் எழுந்து போவது அதைவிடப் பெரிய ஆபத்து.

வினாடி வினா ஒரு விளையாட்டுதானே, இதில் என்ன அரசியல் என்று கேட்பவர்கள் உண்டு. இங்கிலாந்தில் 1970களில் மதுக்கடைகளில் லீக் வைத்து நடத்திய பொழுதுபோக்கு அது. இந்தியாவில் அதற்கும் முன்னாலேயே, 1967இல், கல்கத்தாவில் நீல் ஓ'பிரையன் பொதுமேடையில் நடத்திக் காட்டினார். அப்புறம் வானொலி, தூர்தர்ஷன், கோடி ரூபாய் நிகழ்ச்சிகள். வசதி உள்ளவனுக்கு அது விளையாட்டுதான். நமக்கு? பத்தாவது படித்தவர் எழுதும் குரூப் 4 தேர்வில் 200 கேள்வி. தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. ஒரு வி.ஏ.ஓ. வேலை, ஒரு இளநிலை உதவியாளர் வேலை, ஒரு குடும்பம் கூலி வேலையிலிருந்து வெளியே வருவது, எல்லாம் அந்த 75 கேள்வியில் தொங்கிக்கிட்டு இருக்கு. அதனால்தான் பேச வேண்டியிருக்கிறது.

நான் பழனி மலையின் கீழ்மலைப் பக்கத்து ஆள். எங்கள் தெருவில் ஞாயிறு சாயங்காலம் ஒரு படிப்பு வட்டம் நடத்துகிறோம். போன சீசனில் கொடைக்கானல் விடுதி ஒன்றில் வினாடி வினா லீக் என்று அறிவித்தார்கள். நம்ம பிள்ளைகள் நாலு பேர், ரெண்டு பையன் ரெண்டு பொண்ணு, அணியாகப் போனார்கள். குடிக்கிற இடமாச்சே என்று பொண்ணுங்க வீட்டில் யோசித்தார்கள். நானும் கூடப் போனேன்.

முதல் சுற்று கொடைக்கானலைப் பற்றி. ஏரியை உருவாக்கியவர் யார்? 1863இல் வெரே ஹென்றி லெவிஞ்ச். சூரிய ஆய்வகம் எப்போது வந்தது? 1899. அங்கே 1909இல் எவர்ஷெட் கண்டுபிடித்தது என்ன? சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் விதம். குறிஞ்சி கடைசியாகப் பெரிய அளவில் பூத்தது? 2018. எல்லாவற்றுக்கும் நம்ம பிள்ளைகள் பட்பட்டென்று சொன்னார்கள். தேர்வுக்காக உருப்போட்டது கை கொடுத்தது. அடுத்த சுற்றுகளில் விஸ்கி வகை, கோல்ஃப், ஆங்கிலப் பாட்டுக் குழுக்கள். மேசை அமைதியாயிருச்சு. பக்கத்து மேசைக்காரர்களுக்கு அது வீட்டுப் பேச்சு. 'ஜெனரல் நாலெட்ஜ் இன்னும் கொஞ்சம் டெவலப் பண்ணுங்க தம்பி' என்று நடத்தினவர் அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பில்தான் விஷயமே இருக்கிறது. அவர் வீட்டில் புழங்குவது 'ஜெனரல்'. நம் வீட்டில் புழங்குவது 'லோக்கல்'.

சரி, அந்த முதல் சுற்றையே எடுத்துக்கொள்வோம். நாம் ஜெயித்த சுற்று. அதிலே எது கேட்கப்படவில்லை? மோட்டார் சாலை வருவதற்கு முந்தி துரைமார்களையும் துரைசானிகளையும் நாற்காலியிலும் டோலியிலும் வைத்து மலைக்குத் தூக்கி வந்தவர்கள் கூலிகள். அவர்கள் ஏறிய தடத்துக்கு ஆங்கிலத்தில் 'கூலி காட்' என்றே பேர். பாதைக்குப் பேர் வந்தது, சுமந்தவனுக்கு வரவில்லை. பழியரும் புலையரும் காலங்காலமாக இந்த மலையில் இருப்பவர்கள். ஆனால் கொடைக்கானலின் 'வரலாறு' 1845இல் அமெரிக்க மிஷனரிகள் பங்களா கட்டியதிலிருந்துதான் கேள்வித்தாளில் தொடங்குகிறது. அதற்கு முன்னால் இங்கே வெறும் குரங்கும் காட்டெருமையும்தான் இருந்த மாதிரி!

இன்னொன்று. 'சாதாரண வெப்பத்தில் திரவமாக இருக்கும் உலோகம் எது?' பொது அறிவுப் புத்தகம் எதைத் திறந்தாலும் இது இருக்கும். பாதரசம். ஒரு மதிப்பெண். ஆனால் இதே கொடைக்கானலில் 1980களில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. கடைசியில் இந்துஸ்தான் லீவர் கையில் இருந்தது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி ஊருக்குள் பழைய சாமான் கடையில் கிடந்ததை மக்கள் வெளியே கொண்டுவந்த பிறகு 2001இல் மூடினார்கள். 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் ஒப்பந்தம் போட 2016 ஆச்சு. பதினைந்து வருஷம். பாதரசம் திரவம் என்பது பொது அறிவு. அந்தப் பாதரசம் வேலை செய்தவன் உடம்புக்குள் போகும் என்பது, அதற்கு நியாயம் கேட்கப் பதினைந்து வருஷம் ஆகும் என்பது, 'லோக்கல் பிரச்சினை'.

ஒரு கேள்வியின் பதில் எங்கே நிறுத்தப்படுகிறது என்பதிலும் சாதி இருக்கிறது. மதுரை மீனாட்சி கோயில் நுழைவை 1939 ஜூலை 8இல் நடத்தியவர் யார்? வைத்தியநாத அய்யர். சரியான விடைதான். ஆனால் நுழைந்தவர்கள் யார்? பின்னாளில் அமைச்சரான கக்கன் அவர்களில் ஒருவர். கூட்டிப் போனவர் பெயருக்கு ஒரு மதிப்பெண். பயத்தை மிதித்துக்கொண்டு வாசல்படி தாண்டிய கால்களுக்கு மதிப்பெண் கிடையாது.

நாம் கேள்வியாக நுழைந்தால் என்ன நடக்கிறது என்றும் பார்த்துவிட்டோம். 2020 அக்டோபர் 30இல் அமிதாப் பச்சனின் 'கோன் பனேகா குரோர்பதி'யில், மனிதர் கையால் மலம் அள்ளுவதை ஒழிக்கப் போராடும் பெஜவாடா வில்சன் உட்கார்ந்திருந்தார். 1927 டிசம்பர் 25இல் அம்பேத்கரும் தோழர்களும் எரித்தது எந்த நூலை என்று ஒரு கேள்வி வந்தது. விடை மனுஸ்மிருதி. நடந்தது நடந்தது, தேதியோடு பதிவானது. ஆனாலும் மனம் புண்பட்டுவிட்டது என்று மகாராஷ்டிராவில் ஒரு பாஜக சட்டமன்ற உறுப்பினர் காவல் நிலையத்துக்குப் போனார். 2022 ஜூலையில் சேலம் பெரியார் பல்கலைக்கழக எம்.ஏ. வரலாற்றுத் தேர்வில், தமிழ்நாட்டின் 'தாழ்ந்த சாதி' எது என்று கேட்டு நாலு சாதிப் பெயரை விடையாக வரிசை போட்டிருந்தார்கள். நாம் எரித்ததைக் கேட்டால் வழக்கு. நம்மைத் தாழ்ந்தவன் என்று எழுதச் சொன்னால் அது தேர்வு!

அதே டிசம்பர் 25ஐயே பாருங்கள். கிறிஸ்துமஸ் என்பான் ஒருவன். நல்லாட்சி நாள் என்று 2014க்குப் பிறகு வந்த புத்தகங்கள் சொல்லும். மனுஸ்மிருதி எரிந்த நாளும் அதுதான். 1968இல் கீழவெண்மணியில் குடிசைக்குள் வைத்து 44 பேரைக் கொளுத்தியதும் அதே நாள்தான். எந்த விடையை 'சரி' என்று குறிப்பது? அதைக் கேள்வி போடுகிறவன் முடிவு செய்கிறான். பேனா அவன் கையில்.

இதற்கு ரெண்டு சுலபமான பதில்கள் வருகின்றன. ரெண்டும் நமக்கு ஆகாது. ஒன்று, 'உங்களுக்குக் காட்டு அறிவு இருக்கே, மண் அறிவு இருக்கே, அந்தப் பொது அறிவு எதுக்கு?' என்பது. உறைபனி என்றைக்கு விழும், பூண்டை எப்போது பிடுங்கணும், எந்தக் காளான் விஷம் என்று எங்க அம்மாக்களுக்குத் தெரியும். உண்மைதான். ஆனால் அதைப் புகழ்கிறவன் தன் பிள்ளையை மட்டும் பயிற்சி மையத்துக்கு அனுப்புகிறானே! கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த வருஷம் 2019 என்பதும் தெரியணும், பிடுங்குகிற கைக்கு அதனால் கூலி ஏறினதா என்று கேட்கவும் தெரியணும். எங்களைப் பாராட்டிக் காட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டாம்.

இன்னொன்று, நம் தலைவர்கள் பேரையும் பிட்டுகளில் சேர்த்துவிட்டால் போதும் என்பது. அம்பேத்கர் பிறந்தது 1891 ஏப்ரல் 14, அரசியல் சட்டத்தை வரைந்த குழுவின் தலைவர். முடிந்தது, ரெண்டு மதிப்பெண். 1936இல் லாகூரில் பேச அழைத்தவர்களே அவர் உரையைப் படித்து மிரண்டு மாநாட்டை ரத்து செய்தார்கள். அவர் அதைத் தன் செலவில் அச்சடித்தார். அதில் என்ன இருந்தது என்று எந்தப் பிட்டும் கேட்பதில்லை. பெயரை மட்டும் மனப்பாடம் பண்ணுவது மாலை போட்ட சிலைக்குக் கம்பிக் கூண்டு வைப்பது மாதிரி.

மகாடில் என்ன நடந்தது? பொதுக் குளங்களை எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. மகாடு நகராட்சியும் 1924இல் ஏற்றுக்கொண்டது. காகிதத்தில் குளம் பொதுவாயிற்று. 1927 மார்ச் 20இல் அம்பேத்கரோடு ஆயிரக்கணக்கானோர் நடந்து போய்க் கையால் அள்ளிக் குடிக்கிற வரைக்கும் அது பொது ஆகவில்லை. தண்ணியில்லாமல் செத்துப்போவோம் என்பதற்காக அவர்கள் போகவில்லை. நாங்களும் மனுசங்க என்று நிலைநாட்டத்தான் போனார்கள். பொது அறிவு விஷயத்திலும் நமக்கு வழி இதுதான். குளத்தை வேண்டாமென்று ஒதுக்கவும் கூடாது, கரையில் நின்று யாராவது ஊற்றுவார்களா என்று பார்க்கவும் கூடாது.

எங்கள் வட்டத்தில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். புத்தகத்திலிருந்து ஒரு கேள்வி கேட்டால், அதே விஷயத்தில் புத்தகம் கேட்காத துணைக் கேள்வி ஒன்றைப் பிள்ளைகளே போட வேண்டும். முதல் கேள்விக்கு விடை தெரியாமல் ரெண்டாவதுக்குப் போகக்கூடாது. ஏரி எப்போது என்றால் 1863. துணைக் கேள்வி: அதற்கு மண் சுமந்தது யார்? ஆதாரத்தையும் தேடிக்கொண்டு வரணும், இல்லாவிட்டால் கேள்வி செல்லாது. வாய்க்கு வந்ததைச் சொல்வது நம் மரியாதைக்கு ஆகாது. இந்தப் பழக்கம் வந்த பிறகு பிள்ளைகள் பிட்டுகளையும் முன்பைவிட நன்றாக ஞாபகம் வைக்கிறார்கள். காரணம் தெரிந்த தேதி மறக்காது.

தேர்வு வாரியங்களிடமும் பல்கலைக்கழகங்களிடமும் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கு. கேள்வித்தாள் போடுகிற அறைக்குள் நம்மவர்கள் எத்தனை பேர்? வேலைக்கு இடஒதுக்கீடு உண்டு. அந்த வேலைக்குக் கேள்வி போடுகிற கைகளுக்கு உண்டா?

இதைப் படிக்கிற தோழர்கள் தங்கள் ஊரைப் பற்றி ஐந்து கேள்வி எழுதிப் பாருங்கள். கிணறு, பாதை, சுடுகாடு, நிலம், கூலி, எதைப் பற்றியும் இருக்கலாம். விடையும் ஆதாரமும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த ஞாயிறு தெருவில் பிள்ளைகளை உட்கார வைத்துக் கேளுங்கள். ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியாரையும் கூப்பிடுங்கள். அவருக்கு எத்தனை தெரிகிறது என்றும் பார்த்துவிடலாம்.