சாலைக் கம்போளத்தை நடந்து காட்டுவோம்

சென்ற பொதுக்குழுவில் ஆண்டுவிழா பற்றிப் பேச்சு வந்தபோது, குழந்தைகளுக்கு இவ்வருடம் ஒப்புவித்தல் போட்டியை நிறுத்திவிட்டு, ஒரு காலை வேளை சாலைத் தெருவை நடத்திக் காட்டலாம் என்று யோசனை சொன்னேன். அமெரிக்காவில் ராப் பாட்டு பிறந்த பேட்டையை அப்படித்தான் காட்டுகிறார்கள் என்றும் கூடவே சொல்லிவிட்டேன். சிரிப்பு எழுந்தது. "சாலையில காட்ட என்ன சார் இருக்கு, வெங்காய மூட்டையா?" என்றார் ஓர் அன்பர். "ராப்புக்கும் நம்ம கம்போளத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் இன்னொருவர். தலைவர் மணியைப் பார்த்தார். ஆகவே பதிலை எழுத்தில் தருகிறேன்.

2019-ல் மகள் வீட்டுக்கு நியூஜெர்சி சென்றிருந்தபோது, மாப்பிள்ளை என்னை நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஹிப்ஹாப் பிறந்த இடங்களைச் சுற்றிக் காட்ட ஆட்கள் இருக்கிறார்கள். பேரனுக்காகத்தான் போனோம்; பேரன் பாதி நேரம் செல்போனைப் பார்த்தான், நான்தான் கவனித்துக் கேட்டேன். செட்ஜ்விக் அவென்யூ, கதவு எண் 1520. சாதாரண அடுக்குமாடிக் குடியிருப்பு. நம் ஊர் ஹவுசிங் போர்டு கட்டடத்துக்கு அண்ணன் என்று சொல்லலாம். கோபுரம் கிடையாது, சிலை கிடையாது. அதன் கீழ்த்தளப் பொது அறையில் 1973 ஆகஸ்ட் 11 அன்று ஒரு பெண், பள்ளி திறக்குமுன் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க வேண்டும் என்று ஒரு பாட்டு விருந்து வைத்தாள். பெண்களுக்கு 25 சென்ட், பையன்களுக்கு 50 சென்ட் கட்டணம். அவள் அண்ணன் கிளைவ் கேம்ப்பெல், ஊரார் வைத்த பெயர் கூல் ஹெர்க், இசைத்தட்டுகளைப் போட்டான். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு மேசையில் சுழலவிட்டு, தாளம் மட்டும் வரும் துண்டைத் திரும்பத் திரும்ப நீட்டினான். பிள்ளைகள் ஆடினார்கள், மைக்கில் பேச்சு ஓடியது. உலகம் இன்று கேட்கும் ராப்பின் வேர் அந்த அறையில் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

அந்த அண்ணன் தங்கை யார் தெரியுமா? ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள். கிளைவ் பிறந்தது 1955-ல் கிங்ஸ்டனில். 1967-ல்தான் பிராங்க்ஸ் வந்தான். வந்த ஊரில் தன் ஊர் வழக்கத்தை, தன் பேச்சின் ஏற்ற இறக்கத்தை விடாமல் வைத்துக்கொண்ட பையன். பிழைக்க வந்த நாமும் நம் பிள்ளைகளும் இதைக் கவனிக்க வேண்டாமா?

தொழில் புத்தி போகாது. பாட்டு ஒரு பக்கம் இருக்க, நான் அந்த வட்டாரத்தின் சாலைகளைத்தான் அதிகம் பார்த்தேன். கிராஸ் பிராங்க்ஸ் எக்ஸ்பிரஸ்வே என்ற பெருஞ்சாலையை 1948-ல் தொடங்கிக் குடியிருப்புகளின் நடுவே வெட்டிக்கொண்டு போனார்கள். ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரியின் வேலை. ஈஸ்ட் டிரீமாண்ட் என்ற ஒரு பேட்டையில் மட்டும் சுமார் 1,500 குடும்பங்கள் வீடிழந்தன. கிரேடியன்ட், கர்வ், பாலம் என்று பார்த்தால் கஷ்டமான வேலை, மெச்சத்தக்க வேலை. ஆனால் அதற்குப் பிறகு கடைகள் மூடின, வீடுகள் எரிந்தன, வேலை போயிற்று. அந்தச் சாம்பலுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளைகள்தான் பாட்டைக் கண்டுபிடித்தார்கள். எங்களோடு வந்த வழிகாட்டி இதை ஒளிக்காமல் சொன்னார். எந்த மூலையில் யார் நின்றார்கள், எந்தக் கம்பத்திலிருந்து ஒலிபெருக்கிக்கு மின்சாரம் இழுத்தார்கள் என்பது வரை. 2007-ல் அந்தக் குடியிருப்பு வரலாற்றுச் சின்னமாகத் தகுதி பெற்றது என்று நியூயார்க் மாநிலம் ஏற்றுக்கொண்டது. வாடகைக் குடியிருப்பு, கீழ்த்தளத்தில் ஒரு பொது அறை, அவ்வளவுதான் இருக்கிறது அங்கே.

இது அமெரிக்க சமாசாரம் என்று ஒதுக்கவும் முடியாது. மலேசியாவில் யோகி பி, நட்சத்ரா குழுவினர் 2006-ல் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டுத் தமிழில் ராப் பாடினார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து போய்த் தோல் பதனிட்டுப் பிழைத்த நம்மவரின் தாராவியில், பேரப்பிள்ளைகள் இந்தியிலும் மராத்தியிலும் தமிழிலும் கலந்து பாடுகிறார்கள். 2018-ல் வந்த 'காலா' படத்தில் அவர்கள் குரலைக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அந்தப் பாட்டு பிடிக்குமா என்று கேட்டால், பிடிக்காது. சத்தம் அதிகம். ஆனால் ஒரு தெரு தன்னைப் பற்றித் தானே பேசும் உரிமையைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

இப்போது சாலைக்கு வருகிறேன்.

கிழக்கேகோட்டையில் இறங்கினால் கிள்ளிப்பாலம் வரை அரை மணி நடை. அதற்குள் இருநூறு வருடத்துக்கு மேற்பட்ட சரித்திரம் கிடக்கிறது. கார்த்திகைத் திருநாள் மகாராஜா காலத்தில் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் உண்டாக்கிய கம்போளம் இது. அவர் பிறந்தது வில்லுக்குறி பக்கத்துக் குன்னத்தூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில். இளமையில் போக்குமூசா மரைக்காயரின் கடையில் கணக்கெழுதியவர். கடை நடத்தத் தெரிந்த ஒருவர் திவானானதால் கிடைத்த கடைத்தெரு என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. இந்தத் தெருவுக்கு நெல் நாஞ்சில் நாட்டிலிருந்து வண்டியில் வந்தது. வடக்கேயிருந்து சரக்கு பார்வதி புத்தனாற்றில் வள்ளத்தில் வந்து வள்ளக்கடவில் இறங்கி இங்கே ஏறியது. ரயில் பின்னாளில்தான். கொல்லத்திலிருந்து மீட்டர்கேஜ் பாதை 1918-ல் சாக்கை வரை வந்து நின்றது; தம்பானூருக்கு வர 1931 ஆயிற்று; நாகர்கோவிலை இணைக்க 1979 வரை காத்திருந்தோம். நான் சர்வீசில் சேர்ந்தபோது அந்தப் பாதையின் ஜல்லி இன்னும் புதுசு. இன்றும் தோவாளைப் பூவும் தென்காசிப் பக்கத்துக் காய்கறியும் வராத நாளில் சாலைக்கு முகம் வாடிவிடும்.

சரித்திரம் இன்னும் பின்னால் போக வேண்டுமானால் வலியசாலை மகாதேவர் கோயிலுக்குப் போங்கள். காந்தளூர் என்ற பெயரை இன்றும் சுமக்கும் கோயில் அது. ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச்சாலை இதுதான் என்பது பலர் கொள்கை. அங்கே சோழன் 'கலம் அறுத்தது' கப்பல்களையா அல்லது உண்கலத்தின் கணக்கையா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். 866-ல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்களுக்குச் சாலை அமைத்தபோது, காந்தளூரை மாதிரியாகக் கொண்டதாகச் செப்பேடு சொல்கிறது. ஆக 'சாலை' என்றால் பள்ளிக்கூடம். நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், 'ரோடு' என்பார்கள்.

ஆனால் ராஜாவும் கோயிலும் பற்றிச் சொல்ல இந்நகரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. என் ஆசை வேறு. ஆ. மாதவனை எத்தனை வீட்டில் படித்திருக்கிறோம்? 1934-ல் இங்கே பிறந்து, மலையாள வழியில் பள்ளி படித்து, தமிழைத் தானாகக் கற்று, இதே தெருவில் கடை வைத்துக்கொண்டு, கடைக்கு முன்னால் போகிறவர் வருகிறவரைக் கதையாக்கியவர். சுமட்டுக்காரன், முடிச்சவிழ்க்கி, உடம்பை விற்றுப் பிழைக்கும் பெண், வேலையில்லாத கிழவன் எல்லோரும் 'கடைத்தெருக் கதைகளி'ல் இருக்கிறார்கள், சாலையின் மலையாளம் கலந்த தமிழில் பேசிக்கொண்டு. 2015-ல் சாகித்திய அகாதெமி விருது வந்தது. 2021-ல் காலமானார். அவர் உட்கார்ந்திருந்த தெருவில் தினமும் பருப்பு வாங்குகிறோம். ஜெயமோகனின் 'சோற்றுக்கணக்கு' கதையில் வரும் கெத்தேல் சாகிப்பின் சாப்பாட்டுக்கடையும் இதே சாலையில்தான். காசை யாரும் கேட்காத, பெட்டியில் இஷ்டப்படி போட்டுவிட்டுப் போகும் கடை. அக்கதையைப் படித்து அழுத சென்னைக்காரர்களை எனக்குத் தெரியும். இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி வசிக்கும் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

சிரித்த அன்பரின் கேள்விக்கு என் பதில் இதுதான். பிராங்க்ஸில் காட்டுவது ஒரு வாடகைக் குடியிருப்பு. சாலையில் காட்டுவது வெங்காய மூட்டை. அந்த மூட்டையைத் தூக்கியவனின் பேச்சு இலக்கியமாகி அச்சிலேயே இருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்?

பிள்ளைகளுக்குக் குறள் போதும், தெருப்பேச்சு எதற்கு என்றும் ஒரு கட்சி உண்டு. குறள் வேண்டாம் என்று நான் சொல்வேனா? ஆனால் பல வருடமாகப் போட்டி நடத்துகிறோம். ஐம்பது குறளை மூச்சுவிடாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கிய ஒரு குழந்தை, மேடையை விட்டு இறங்கி, பரிசுச் சான்றிதழில் தன் பெயரைப் படிக்கத் தெரியாமல் என்னிடம் கொண்டுவந்தது. குறளை மலையாள எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்திருந்தது. குழந்தை மேல் குற்றமில்லை, கெட்டிக்காரக் குழந்தை. அதற்குத் தமிழ் என்பது மேடையில் ஏறும்போது போட்டுக்கொள்ளும் பட்டுப்பாவாடை. கடையில் பேரம் பேசவும், கோபப்படவும், கேலி செய்யவும் தமிழ் இருக்கிறது என்று அது எங்கே கண்டது? சாலையில் தமிழ் வழிப் பள்ளி இருப்பதுகூட நம்மில் பலருக்கு ஞாபகம் இல்லை.

இன்னொன்று, அவசரம். பழைய கடைகளின் வாரிசுகள் வளைகுடாவிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். கடை கைமாறுகிறது, மாறும்போது முதலில் போவது தமிழ்ப் பலகை. சாலையைப் பாரம்பரியத் தெருவாக அழகுபடுத்தச் சுற்றுலாத் துறை திட்டம் போட்டது. வரவேற்கிறேன். வளைவும் ஓவியமும் தளக்கல்லும் வரட்டும். ஆனால் கதையை யார் சொல்வார்கள்? நாம் சொல்லாவிட்டால் அரண்மனைக் கதையோடு முடிந்துவிடும்.

எங்கள் இலாகாவில் கீமேன் என்று ஒருவர் உண்டு. சுத்தியலும் ஸ்பேனருமாகத் தினமும் தன் பாதையை நடந்து பார்ப்பவர். நான் டிராலியில் போய்க் கவனிக்காத தளர்ந்த சாவியை அவர் நடந்து கண்டுபிடிப்பார். அப்படிப்பட்டவர்கள்தான் இந்த நடைக்கு வழிகாட்டியாக வேண்டும். பேராசிரியர் வேண்டாம் (பேராசிரிய அன்பர்கள் மன்னிக்க). நாற்பது வருடம் பலசரக்குக் கடையில் நின்றவர், பூக்கட்டும் அம்மாள், ஓய்வுபெற்ற சுமட்டுத் தொழிலாளி, பாத்திரக்கடை அண்ணாச்சி. அவர்கள் மலையாளம் கலந்து பேசட்டும், திருத்த வேண்டாம். தமிழர் பெருமை மட்டும் பேசவும் வேண்டாம். இந்தத் தெரு மலையாளி, தமிழர், முஸ்லிம் எல்லோரும் சேர்ந்து சுமந்தது. இதே திருவிதாங்கூரில் பொதுவழியில் நடக்கவே ஒரு காலத்தில் எல்லோருக்கும் விடவில்லை. 1893-ல் வெங்ஙானூரிலிருந்து அய்யங்காளி வில்வண்டி ஓட்டிக் கிளம்பியது அதற்காகத்தான். நம் பெரியவர்களில் சிலர் அப்போது எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதையும் பிள்ளைகள் கேட்கட்டும். பிராங்க்ஸ் வழிகாட்டி வீடு எரிந்ததை மறைக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை.

செலவு என்று பார்த்தால் ஆளுக்கொரு சாயாவும் வடையும். துலாவர்ஷம் ஓய்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்குக் கிழக்கேகோட்டையில் கூடலாம். இருபது பேருக்கு மேல் வேண்டாம், லோடு வண்டிக்கு இடைஞ்சல். குழந்தைகள் கையில் ஒரு நோட்டு; வழியில் கண்ணில் படும் தமிழ்ப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படித்து அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும், எழுத்துப்பிழை இருந்தால் பிழையோடு. வழிகாட்டத் தக்க பெரியவர்கள் உங்கள் குடும்பத்தில் அல்லது பழக்கத்தில் இருந்தால், பெயரைச் செயலாளரிடம் கொடுங்கள். இருவர் இப்போதே சம்மதித்திருக்கிறார்கள். ஒருவருக்கு எண்பத்திரண்டு வயது. அவருக்கு வழியில் உட்கார ஒரு மடக்கு நாற்காலி நான் கொண்டுவருகிறேன்.