அருளா, அங்காடியா?

ஒறுப்பை நீக்கும் உரிமை அருளுக்கென ஏற்பட்டது. அமெரிக்காவில் அது அங்காடிக்கு வந்துவிட்டதோ என்னும் ஐயத்தை எழுப்பியவர் பில் கிளிண்டன். 2001 சனவரி 20ஆம் நாள், ஆட்சியினின்று இறங்கும் அன்றே, அவர் மார்க்கு இரிச்சு என்னும் எண்ணெய் வணிகனுக்கு மன்னிப்பு வழங்கினார். வரியேய்ப்புக்காகவும் ஈரானுடன் நடத்திய வணிகத்துக்காகவும் 1983-இல் குற்றஞ் சாட்டப்பெற்று, வழக்குமன்றம் ஏறாமலே சுவிசு நாட்டில் தங்கிவிட்டவன் அவன்!

அவனிடம் மணவிலக்குப் பெற்ற மனைவியோ, கிளிண்டன் பெயரில் எழவிருந்த நூலகத்தின் அறக்கட்டளைக்கு நான்கரை இலக்கம் தாலர் ஈந்திருந்தார். நூலகம் நல்லறந்தான், யார் மறுப்பார்? ஆயினும் எத்தனையோ அறங்களிருக்க, செல்வர் கண்ணுக்கு அவ்வறம் பட்டதேன்? கொடையாளர் பட்டியலை வெளியிடுமாறு சட்டம் வற்புறுத்தவில்லை. 2008 திசம்பரில்தான் அது வெளிவந்தது. இம்மன்னிப்புப் பற்றிய அரசு உசாவல் எவர்மீதும் குற்றச்சாட்டின்றியே முடிந்தது என்பதையும் மறைத்தலாகாது.

தனியொருவர்க்கென அந்நாட்டுப் பேராயம் இயற்றும் தனிச்சட்டமுங்கூட ஈரவையின் ஒப்புதலோடு, பெயர் சுட்டி அச்சேறுகிறது. தலைவர் வழங்கும் மன்னிப்புக்கோ கரணியங் கூறும் கடமையே அரசியற் சட்டத்தில் இல்லை. கரணியமும் இல்லை, கொடைப் பட்டியலும் ஏறத்தாழ எட்டாண்டு பூட்டிக் கிடந்தது. பின் எதை நம்பி அந்நாட்டு மக்கள் அதனை அருளென்று கொள்வர்?