டீக்கடையில் உட்கார்ந்தால் ஆராய்ச்சியா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் வளைகாப்புப் பந்தியில், சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் என் தம்பி மகளிடம் ஒருவர் கேட்டார்: "டீக்கடையில உக்காந்து ஊர்க்கதை எழுதுறதுக்கெல்லாம் டாக்டர் பட்டமாம்மா?" பந்தியே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அந்த உறுத்தலில்தான் எழுதுகிறேன்.

ஊர்க்கதை நாம் எல்லோரும்தான் கேட்கிறோம். அவள் அன்றிரவே நோட்டில் எழுதிவிடுகிறாள். கண்டது தனி, பிறர் சொன்னது தனி, தன் ஊகம் தனி. பெஞ்சு காலியாக இருந்தும் சிலர் ஏன் நின்றே டீ குடிக்கிறார்கள்? ஒரு காரணம் தோன்றியதும் நாமாக இருந்தால் முடிவுகட்டிவிடுவோம். அவள் சந்தை நாளில் போய்ப் பார்க்கிறாள், கல்லாவில் மகன் இருக்கும்போது பார்க்கிறாள், தன் காரணத்துக்கு அடங்காத ஆள் யாராவது உண்டா என்று தேடுகிறாள். 'உங்கள் ஊரில் பாகுபாடு உண்டா?' என்று படிவம் நீட்டிப் பாருங்கள். நின்று குடிப்பவரே 'இல்லை' என்று டிக் போட்டுக் கொடுப்பார்!

ஆந்த்ரே பெத்தேய் 1961-62இல் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். ஊருக்கு அவர் வைத்த புனைபெயர் ஸ்ரீபுரம். 1965இல் புத்தகமாக வந்தது. சாதி, நிலம், அதிகாரம் மூன்றும் ஒரே கையில் இருந்த நிலை மாறி, ஊராட்சி அதிகாரம் பிராமணரல்லாதார் கைக்குப் போவதைப் பிரித்துக் காட்டினார். அக்ரஹாரத்தில் குடியிருந்ததால் சேரிக்குள் தாராளமாகப் போய்வர முடியவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. தான் எங்கே உட்கார்ந்து பார்த்தோம் என்பதும் அவருக்கு ஆய்வில் சேர்த்தி.

நான் அதைச் செய்யவே இல்லை. பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளின் வீடுகளுக்கு வருடாவருடம் போனேன். வாசலில் நாற்காலி போட்டார்கள். "படிப்புல நாட்டமில்லீங்க சார்" என்றார்கள். பதிவேட்டில் 'ஆர்வமின்மை' என்று எழுதினேன். எத்தனை வருடம்! சமீபத்தில் தம்பி மகள் அதே தெருவில் ஒரு அம்மாவோடு கடலை ஆய்ந்துகொண்டே பேசியிருக்கிறாள். கடலை பறிப்புக்கு அம்மா போனால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் நின்றுவிட்டாளாம். வகுப்பில் முதலாவதாகக் கை தூக்கும் பெண் அவள். நான் எழுதியது 'ஆர்வமின்மை'.

அந்த உறவினரும் இதைப் படிப்பார். கோபம் வேண்டாம் மச்சான். அடுத்த மாதம் அவள் உங்கள் ஊருக்குத்தான் வருகிறாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைக்காமல், அடுப்படி வரைக்கும் விடுங்கள்.