மாலுக்கு வேணாம் தம்பி, கோயம்பேட்டுக்குக் கூட்டிட்டுப் போ

ஊரிலிருந்து சொந்தக்காரங்க சென்னைக்கு வந்தா, சாயங்காலம் மெரினா, மறுநாள் மால். இதுதான் வழக்கம். போன தடவை சித்தப்பா மகன் எங்களையும் அப்படித்தான் கூட்டிட்டுப் போனான். நகரும் படிக்கட்டில் கால் வைக்கப் பயந்து அம்மா அப்படியே நின்னுட்டாங்க. ரெண்டு மணி நேரம் சுத்தினோம், எதுவும் வாங்கலை. தம்பி ஆசையாத்தான் செஞ்சான், குறை சொல்லலை. ஆனா எங்களுக்குக் காட்ட சென்னையில் வேற இடங்கள் இருக்கு.

மறுநாள் நானே எழும்பூர் மியூசியத்துக்கு அம்மாவை அழைச்சிட்டுப் போனேன். 1851-ல் ஆரம்பிச்சது. திருவாலங்காட்டு நடராஜர் முன்னாடி அம்மா கைகூப்பி நின்னவங்க நகரவே இல்லை. அங்கே இருக்கிற வெண்கலச் சிலைகளில் பல, கிராமங்களில் மண்ணைத் தோண்டும்போது கிடைச்சவை. எங்களை மாதிரி யாரோ ஒருத்தரோட மண்வெட்டியில் தட்டுப்பட்ட சாமிகள். வெள்ளிக்கிழமை விடுமுறை, பார்த்துப் போங்க.

அடுத்தது, யாரும் சுற்றுலா லிஸ்ட்டில் சேர்க்காத கோயம்பேடு மார்க்கெட். கொத்தவால்சாவடியிலிருந்து 1996-ல் இங்கே மாறினது. விடியற்காலை 4 மணிக்குப் போங்க. ராத்திரி முழுக்க வந்த லாரிகள், தக்காளிப் பெட்டிகள், கோஸ் மூட்டைகள், பூக்கூடைகள், தலைச்சுமையோடு ஓடுற ஆளுங்க. சென்னை சாப்பிடுறது எப்படினு அங்கேதான் தெரியும்.

வேடிக்கை பார்த்ததோட திரும்பிடாதீங்க. ஒரு பெட்டி தக்காளி மொத்த விலை என்னனு கேளுங்க. அப்புறம் உங்க தெருக்கடையில் கிலோ என்ன விலைனு பாருங்க. அந்த மொத்த விலையிலும் பறிப்புக்கூலி, லாரி வாடகை, ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, கமிஷன் எல்லாம் போகத்தான் எங்க கைக்கு வரும். வரத்து கூடின அன்னிக்கு வாடகைக்கே பத்தாது. ரோட்டோரம் தக்காளியைக் கொட்டுறாங்கனு செய்தி பார்த்து "ஏன் இப்படி வீணாக்குறாங்க?"னு கேட்பீங்களே, பதில் அந்த மார்க்கெட்டில் இருக்கு.

கிராமத்துக்கு வந்து மாட்டுவண்டியில் போட்டோ எடுக்கிறதில் தப்பில்லை. ஆனா எங்க பிழைப்பு எப்படினு உங்க பிள்ளைங்களுக்குப் புரியணும்னா, ஒருநாள் விடியறதுக்கு முன்னாடி கோயம்பேட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.

தம்பி, அடுத்த தடவை நான் காய் லாரியிலேயே வந்து இறங்குறேன். மூணரைக்கு அலாரம் வெச்சுக்கோ.