ஏமாந்தவர் மீதே பழியா?

பழைய கட்டிலை இணையச் சந்தையில் விற்பனைக்குப் போட்ட பத்தாவது நிமிடம் போன் வருகிறது. எதிர்முனையில் இருப்பவர் பேரம் பேசுவதில்லை, பொருளைப் பார்க்க வேண்டும் என்றும் கேட்பதில்லை. “ராணுவத்தில் இருக்கிறேன், உங்கள் ஊருக்கு மாற்றலாகியிருக்கிறது, வண்டி அனுப்பி எடுத்துக்கொள்கிறேன்” என்கிறார். அடையாள அட்டையின் படமும் வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. நம்பிக்கைக்கு 1 ரூபாய் கணக்கில் ஏறுகிறது. அடுத்து வருவது கியூஆர் கோடு. ஸ்கேன் செய்து பின் நம்பரை அழுத்தினால் 8,000 ரூபாய் வரும் என்கிறார். அழுத்துகிறார்கள், 8,000 ரூபாய் போய்விடுகிறது. “தவறாகிவிட்டது, திருப்பி அனுப்புகிறேன்” என்று இன்னொரு கோடு. மறுபடியும் 8,000.

2021 பிப்ரவரியில், அன்றைய டெல்லி முதல்வரின் மகளே சோபா விற்கப் போய் இந்த வலையில் 34,000 ரூபாயை இழந்தார். விவரம் தெரியாதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்ற பேச்சை அன்றோடு விட்டிருக்க வேண்டும்.

விடவில்லை. வங்கிக்குப் போனால், “பின் நம்பர் போட்டது நீங்கள்தானே?” என்கிறார்கள். வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றால், புகார் கொடுக்கும்வரை போன பணம் அவர் பொறுப்பு என்றது ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை. சரி, அந்தத் திருடனுக்குக் கணக்குத் திறந்துகொடுத்தது யார்? ஆதார், பான் எல்லாம் சரிபார்த்தோம் என்று சொல்லும் இன்னொரு வங்கிதானே? அதன் கவனக்குறைவுக்கு என்ன விலை? பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல், இப்படி ஏமாந்து அனுப்பிய பணத்தை அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப் பாதியாகத் திருப்பித் தர வேண்டும். இங்கே முழுச் சுமையும் கட்டில் விற்றவர் தலையில்.

சந்தைத் தளங்களின் அலட்சியம் இன்னும் மோசம். “உங்கள் பொருள் விற்றுவிட்டது, பணத்தைப் பெற இங்கே தொடுங்கள்” என்று ஒரு லிங்க் வருகிறது. திறந்தால் அதே தளத்தின் லோகோ, அதே நிறம். முகவரியில் மட்டும் ஓர் எழுத்து மாறியிருக்கும். கார்டு எண்ணையும் பின்புறமுள்ள மூன்று இலக்கத்தையும் ஓடிபியையும் கேட்கும். பணம் பெற இவற்றில் எதுவுமே தேவையில்லை. விற்பவருக்கு இதை உரையாடல் பெட்டியிலேயே சொல்ல வேண்டாமா? வெளி லிங்க்கையும் கியூஆர் படத்தையும் அங்கேயே தடுக்க வேண்டாமா? உதவிப் பக்கத்தின் மூலையில் ஆங்கிலத்தில் நான்கு வரி போட்டுவிட்டுக் கைகழுவுவதை ஏற்க முடியாது.

காவல் நிலையங்களும் திருந்த வேண்டும். “எங்கள் எல்லையில் வராது” என்று திருப்பியனுப்பச் சட்டத்தில் இடமில்லை. எங்கே நடந்த குற்றமானாலும் புகாரைப் பதிய வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு. சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு உடனே அழைத்தால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்புண்டு. அலையவிடும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்குத்தான் லாபம்.

தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் பணம் கேட்டு அனுப்பும், மோசடிக்காரர்களுக்கும் கைகொடுத்த ‘கலெக்ட் ரிக்வெஸ்ட்’ வசதியை 2025 அக்டோபரில், யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுத்தியது. யுபிஐ வந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து! கியூஆர் வழி இன்னும் திறந்தே கிடக்கிறது. பின் நம்பர் கேட்கும் திரையில், எண்களுக்கு மேலே, “உங்கள் கணக்கிலிருந்து பணம் போகிறது” என்று தமிழில் கொட்டை எழுத்தில் வர வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தமோ கமிட்டியோ தேவையில்லை. அடுத்த அப்டேட்டிலேயே செய்யுங்கள்.