குக்கரில் வேகும் ஸ்லைடு

புற்றுநோய்ப் பரிசோதனை என்றால் விலை உயர்ந்த ஆன்டிபாடியைப் பற்றித்தான் பேச்செல்லாம். திசுத்துண்டு ஒட்டிய கண்ணாடி ஸ்லைடை வேகவைக்கும் அந்தச் சில நிமிடங்களை யாரும் மதிப்பதில்லை. திசு கெடாமலிருக்க ஊறவைக்கும் ஃபார்மலின், புரதங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிப்போடுகிறது. தேடும் புரதத்தில் ஆன்டிபாடி ஒட்டி நிறம் காட்டவேண்டிய இடம் மறைந்துபோகிறது. 1991-இல் ஷான்-ரோங் ஷியும் சகாக்களும் ஸ்லைடை மைக்ரோவேவில் சூடாக்கி அந்த இடத்தை மீட்டார்கள். (1940-களில் வந்த ஃபார்மலின் வேதியியல் ஆய்வுகளைப் படித்ததில் பிறந்த யோசனை அது, பழைய ஆய்விதழ்களை எடைக்குப் போடுகிறவர்கள் கவனிக்க.) இன்று பிஎச் 6 சிட்ரேட் கரைசலோ, பிஎச் 9 டிரிஸ்-இடிடிஏவோ போதும்; பாத்திரம் பிரஷர் குக்கராகவும் இருக்கலாம். ஆனால் சூடு போதாவிட்டால், மார்பகப் புற்றுத் திசுவில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருந்தும் 'இல்லை' என்று அறிக்கை வரலாம். அந்த ஏற்பியைத் தடுக்கும் டமாக்சிஃபென் மருந்து நோயாளிப் பெண்ணுக்குக் கிடைக்காது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 1997 முதல் 2005 வரை 300-க்கும் மேற்பட்ட மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு இந்தச் சோதனையின் முடிவு தவறாக வந்தது. காரணம் ஒன்றல்ல; இதை விசாரித்த கேமரன் ஆணையத்தின் 2009 அறிக்கை தரக்கட்டுப்பாட்டின் ஓட்டைகளைச் சாடியது. ஏற்பி இருப்பது உறுதியான திசுத்துண்டு ஒன்றையும் ஒவ்வொரு முறையும் கூடவே வேகவைக்கவேண்டும் என்பேன். அது நிறம் ஏறாமல் வெளுத்திருந்தால், 'இல்லை' என்ற அறிக்கையில் யாரும் கையெழுத்துப் போடக்கூடாது.